வாய்தா என்னும் கடிகாரம்

காலை பத்தரை மணி. எந்த ஊர் முன்சீப் கோர்ட்டானாலும் காட்சி ஒன்றுதான். டவாலி பெயர் கூப்பிடுகிறார். வராந்தாவில் நிற்பவர் தோளில் கிடந்த துண்டைக் கையில் எடுத்துக்கொண்டு உள்ளே ஓடுகிறார். அவர் மூச்சு வாங்கி நிற்பதற்குள் வழக்கறிஞர் இரண்டு வார்த்தை பேசிவிடுகிறார், நீதிபதி ஒரு தேதி சொல்லிவிடுகிறார், பெஞ்ச் கிளார்க் அதைக் குறித்தும் விடுகிறார். ஒரு நிமிடம் ஆகியிருக்குமா என்பது சந்தேகம். அடுத்த பெயர்.

ஒரு சின்னக் கணக்கு போட்டுப் பார்ப்போம். ஒரு சொத்து வழக்கு முப்பது முறை கூப்பிடப்படுகிறது என்று வையுங்கள். ஒவ்வொரு முறையும் பத்து நிமிடம் செலவானால் மொத்தம் முந்நூறு நிமிடம், அதாவது ஐந்து மணி நேரம். இரண்டு தேதிகளுக்கு நடுவே இரண்டு மாத இடைவெளி இருந்தால் மொத்தக் காலம் ஏறத்தாழ அறுபது மாதம், அதாவது ஐந்து ஆண்டு. ஐந்து மணி நேர வேலைக்கு ஐந்து ஆண்டுக் காத்திருப்பு! நீதிபதி இரண்டு மடங்கு வேகமாக வேலை பார்த்தால் மிச்சமாவது இரண்டரை மணி நேரம். இடைவெளியைப் பாதியாக்கினால் மிச்சமாவது இரண்டரை ஆண்டு. வழக்கின் ஆயுளைத் தீர்மானிப்பது தேதிக்கும் தேதிக்கும் நடுவில் கிடக்கும் வெற்றிடம்தான்.

அந்த வெற்றிடத்துக்குத் தமிழில் ஒரு பெயர் உண்டு: வாய்தா. உருது வழியாக வந்த சொல். அதன் வேரில் ‘வாக்குறுதி’ என்ற பொருள் இருக்கிறது. இன்ன நாளில் செய்கிறேன் என்று கொடுத்த வாக்கு, ‘இன்றைக்கு இல்லை’ என்பதற்கான சொல்லாக எப்படித் தேய்ந்தது என்பதை மொழி ஆராய்ச்சியாளர்களுக்கு விட்டுவிடுவோம். அந்த வெற்றிடத்தைச் சுருக்க ஒரு குழு உட்கார்ந்து என்னென்ன யோசித்தது என்பதே இந்தக் கட்டுரை. அந்தக் குழுவுக்கு விதை போட்டது நம்மூர் வழக்கறிஞர் சங்கம் ஒன்று.

முதலில் இயந்திரத்தைத் திறந்து பார்த்துவிடலாம். சொத்து, கடன், வாடகை, பாகப்பிரிவினை போன்ற உரிமையியல் வழக்குகள் எல்லாம் 1908ஆம் ஆண்டின் உரிமையியல் நடைமுறைச் சட்டப்படி ஓடுகின்றன. கோர்ட் வட்டாரத்தில் சுருக்கமாக ‘சி.பி.சி.’ இது இரண்டு மாடிக் கட்டடம். கீழ்த்தளத்தில் 158 பிரிவுகள். அவை அஸ்திவாரம், சட்டம் இயற்றும் அவைகள்தான் தொட முடியும். மேல்தளத்தில் 51 ‘கட்டளைகள்’, ஒவ்வொன்றின் கீழும் பல விதிகள். சம்மன் எப்படிச் சார்பு செய்வது, பதில் எத்தனை நாளில் போடுவது, சாட்சியை எப்படி விசாரிப்பது என்ற அன்றாட வேலை எல்லாம் இங்கே. மேல்தளத்தின் சுவர்களை அந்தந்த உயர் நீதிமன்றமே இடித்துக் கட்டிக்கொள்ளலாம் என்று சட்டம் அனுமதிக்கிறது. நாடு முழுவதும் ஒரே சட்டம், ஆனால் ஊருக்கேற்றபடி ஜன்னல் வைத்துக்கொள்ளலாம்.

ஜன்னலை யார் வைப்பது? 123ஆம் பிரிவு பதில் சொல்கிறது. ஒவ்வொரு உயர் நீதிமன்றத்துக்கும் ஒரு விதிக்குழு இருக்க வேண்டும். உயர் நீதிமன்ற நீதிபதிகள் மூன்று பேர், கீழமை நீதிமன்ற நீதிபதி ஒருவர், அந்த நீதிமன்றத்தில் பதிவு செய்த வழக்கறிஞர்கள் இரண்டு பேர். ஆறில் இருவர் வழக்கறிஞர்கள். இது யாரோ பெரியமனது பண்ணிக் கொடுத்த இடம் கிடையாது, சட்டமே போட்டுவைத்த நாற்காலி. மேடையில் இருப்பவருக்குத் தெரியாத ஓட்டைகள் கீழே கட்டுத் தூக்கி அலைபவருக்குத் தெரியும் என்பதை நூறு ஆண்டுக்கு முன்பே யாரோ உணர்ந்திருக்கிறார்கள்.

இனி கதைக்கு வருவோம். வழக்குகள் இழுத்தடிக்கின்றன என்ற புகார் முற்றி, 1999இல் நாடாளுமன்றம் சி.பி.சி.யைத் திருத்தியது. பிரதிவாதி முப்பது நாளில் பதில் போட வேண்டும். அதற்கு மேல் இல்லை. போட்ட பிராதைப் பிற்பாடு திருத்தும் உரிமை ரத்து. ஒரு தரப்புக்கு மூன்று வாய்தாவுக்கு மேல் கிடையாது. வழக்கறிஞர்கள் நாடெங்கும் கொதித்தார்கள். திருத்தம் சில ஆண்டுகள் அமலுக்கே வரவில்லை. 2002இல் இன்னொரு திருத்தம் கொண்டுவந்து முப்பதைத் தொண்ணூறு வரை நீட்டினார்கள். விசாரணை தொடங்கும் முன் பிராதைத் திருத்திக்கொள்ளலாம் என்றும் இறங்கி வந்தார்கள். 2002 ஜூலை 1 முதல் எல்லாம் நடைமுறைக்கு வந்தது.

சேலம் வழக்கறிஞர் சங்கம் இந்தத் திருத்தங்களை எதிர்த்து உச்ச நீதிமன்றம் போயிற்று. சட்டப் புத்தகங்களில் இன்றும் ‘சேலம் வழக்கு’ என்றால் இதுதான். மாம்பழத்துக்கும் உருக்காலைக்கும் அடுத்தபடியாகச் சேலத்துக்கு டெல்லி வரை பெயர் வாங்கித் தந்தது இந்த வழக்காகத்தான் இருக்கும்.

2002 அக்டோபர் 25 அன்று உச்ச நீதிமன்றம் திருத்தங்கள் செல்லும் என்றது. வேறு யாராக இருந்தாலும் அதோடு கோப்பை மூடியிருப்பார்கள். நீதிமன்றம் ஒரு படி மேலே போனது. சட்டம் செல்லும், சரி, அது நடைமுறையில் ஓடுமா? அதைப் பார்க்க ஒரு குழு அமையட்டும் என்றது. ஒரு நீதிபதி தலைமை; உறுப்பினர்களாக மூத்த வழக்கறிஞர்கள் கபில் சிபல், அருண் ஜெட்லி, சி.எஸ்.வைத்தியநாதன், இந்திய பார் கவுன்சில் தலைவர் டி.வி.சுப்பாராவ். பட்டியலை இன்னொரு முறை படியுங்கள். அரசியலில் எதிரெதிர்க் கரையில் நின்ற சிபலும் ஜெட்லியும், வாய்தாவைப் பற்றி யோசிக்க ஒரே மேஜையில். தலைமை ஏற்றவர் உச்ச நீதிமன்ற முன்னாள் நீதிபதியும் அப்போதைய சட்ட ஆணையத் தலைவருமான எம்.ஜெகந்நாத ராவ்.

குழு தன் ஆய்வு அறிக்கையை உயர் நீதிமன்றங்கள், கீழமை நீதிமன்றங்கள், பார் கவுன்சில்கள், வழக்கறிஞர் சங்கங்கள் எல்லாவற்றுக்கும் அனுப்பிக் கருத்து கேட்டது. பிறகு மூன்று அறிக்கைகள் எழுதியது: திருத்தங்கள் மீதான குறைகள் பற்றி ஒன்று, கோர்ட்டுக்கு வெளியே சமரசம் செய்யும் முறை பற்றி ஒன்று, வழக்குகளை ஓட்டும் முறை பற்றி ஒன்று. 2005 ஆகஸ்ட் 2இல் வந்த தீர்ப்பில் உச்ச நீதிமன்றம் இவற்றை அலசியது.

அதில் முதல் அதிசயம் ஒரு சொல்லில் ஒளிந்திருக்கிறது. சட்டம், பதில் தொண்ணூறு நாளுக்கு மேல் ‘போகக் கூடாது’ என்கிறது. தொண்ணூற்றோராம் நாள் பிரதிவாதி ஓடி வந்தால்? கதவைச் சாத்துவதா, திறப்பதா? சட்ட உலகில் இதற்கு இரண்டு பெட்டிகள் உண்டு. மீறினால் எல்லாம் போயிற்று என்பது கட்டாய விதி. மீறக் கூடாதுதான், ஆனால் தக்க காரணம் இருந்தால் நீதிபதி பொறுத்துக்கொள்ளலாம் என்பது வழிகாட்டு விதி. ரயில் புறப்படும் நேரம் முதல் வகை, கல்யாண முகூர்த்தம் இரண்டாவது வகை என்று வைத்துக்கொள்ளலாம். ஐயர் முறைக்கலாம், தாலி ஏறும். தொண்ணூறு நாள் விதி இரண்டாவது பெட்டி என்று உச்ச நீதிமன்றம் வைத்தது. அதே மூச்சில், இதைத் தினசரிப் பழக்கமாக்கக் கூடாது, அபூர்வமான நேரங்களில் மட்டுமே என்றும் பூட்டுப் போட்டது. (2015இல் வணிக நீதிமன்றச் சட்டம் வந்தபோது இந்தப் பூட்டு மாறியது. அந்தச் சட்டத்தின் கீழ் வரும் வணிகத் தகராறுகளில் 120 நாள் முடிந்தால் கதவு சாத்தப்படும். அங்கே அது ரயில்தான்.)

மூன்று வாய்தா விதிக்கும் இதே வைத்தியம். மூன்றுக்கு மேல் இல்லை என்பதே பொது விதி. ஆனால் கட்சிக்காரரின் கைமீறிய பேரிடர் வந்தால் நான்காவதைக் கொடுக்கும் அதிகாரம் நீதிபதிக்கு உண்டு என்றார்கள். போபால் விஷவாயு, குஜராத் பூகம்பம், ஆழிப்பேரலை என்று உதாரணம் காட்டினார்கள். தீர்ப்பு வந்தபோது ஆழிப்பேரலை வந்து எட்டு மாதம்கூட ஆகியிருக்கவில்லை. இதே கட்டளையில் இன்னொரு வாசகம் இருக்கிறது: வழக்கறிஞர் வேறொரு கோர்ட்டில் இருக்கிறார் என்பது வாய்தாவுக்குக் காரணம் ஆகாது. எழுதிவைத்துப் பல பத்தாண்டுகள் ஆயிற்று. எந்தக் கோர்ட் வாசலிலும் இன்று காலை நீங்கள் அதிகம் கேட்டிருக்கக்கூடிய வாக்கியமும் அதுதான். சட்டத்துக்கும் வராந்தாவுக்கும் உள்ள தூரத்தை அளக்க இதைவிட நல்ல அடிக்கோல் எனக்குத் தெரியவில்லை.

அடுத்தது சாட்சிக் கூண்டு. ஒரு சாட்சி பேசுவதில் இரண்டு பகுதி. தன் தரப்பு வழக்கறிஞர் கேட்கக் கதையைச் சொல்வது முதல் விசாரணை. எதிர்த்தரப்பு அதைப் பிரித்துப் போட்டுத் துருவுவது குறுக்கு விசாரணை. முதல் பகுதியில் பெரும்பாலும் ஏற்கெனவே பிராதில் எழுதியதையே சாட்சி ஒப்பிப்பார். நீதிபதி அதை வரிக்கு வரி சொல்லச் சொல்லத் தட்டச்சர் அடிப்பார். புதிய முறையில் இந்தப் பகுதி சத்தியப் பிரமாணப் பத்திரமாக எழுதியே வந்துவிடும். கூண்டில் மிஞ்சுவது குறுக்கு விசாரணை மட்டும். அதைக்கூட நீதிபதி நேரில்தான் பதிவு செய்ய வேண்டும் என்பதில்லை. கோர்ட் நியமிக்கும் ஆணையர், வழக்கமாக ஒரு வழக்கறிஞர், வேறோர் அறையில் உட்கார்ந்து பதிவு செய்யலாம். அறுபது நாளில் அறிக்கை தர வேண்டும்.

இதில் உள்ள சூட்சுமத்தைக் கவனியுங்கள். கல்யாண வீட்டில் ஒரே அடுப்பு இருந்தால் சாம்பார் கொதிக்கும்வரை பாயசம் காத்திருக்க வேண்டும். ஆணையர் இரண்டாவது அடுப்பு. ஆனால் ஒரு சிக்கல்: ‘இந்தக் கேள்வியைக் கேட்கக் கூடாது’ என்று எதிர்த்தரப்பு ஆட்சேபித்தால் ஆணையர் என்ன செய்வது? அவர் நீதிபதி இல்லையே! ஆட்சேபணையைக் குறித்துக்கொண்டு பதிலையும் எழுதிக்கொள்வார். செல்லுமா செல்லாதா என்பதை நீதிபதி பிற்பாடு முடிவு செய்வார். சாட்சி வியர்த்தாரா, தடுமாறினாரா என்பதையும் ஆணையர் குறித்து வைக்கலாம். வேலையைப் பிரித்துக் கொடுக்கலாம், அதிகாரத்தைக் கொடுக்கக் கூடாது. அந்தக் கோட்டை இவ்வளவு மெல்லியதாக, இவ்வளவு சரியாக இழுத்ததில் இருக்கிறது நுட்பம்.

மூன்றாவது அறிக்கைதான் எனக்கு மிகவும் பிடித்தது. அதன் பெயர் வழக்கோட்ட மேலாண்மை: எந்த வழக்கு எந்த வேகத்தில் போக வேண்டும் என்று தொடக்கத்திலேயே பாதை போட்டுக் கொடுப்பது. பழைய முறையில் எல்லா வழக்குக்கும் ஒரே வரிசை. ஜீவனாம்சம் கேட்கும் பெண்ணும், மூன்று தலைமுறைப் பாகப்பிரிவினையும், ஒரு கடன் பத்திரமும் ஒரே க்யூவில் நிற்கும். சுரத்துக்கு மாத்திரை வாங்க வந்தவரை இதய அறுவை சிகிச்சை வரிசையில் நிற்க வைப்பது போல. குழு நான்கு தடங்கள் போட்டது. ஜீவனாம்சம், குழந்தை யாரிடம் வளர்வது, வாரிசுச் சான்று, எளிய வாடகை வழக்குகள் முதல் தடம். இலக்கு ஒன்பது மாதம். பணப் பாக்கி, புரோநோட்டு போன்றவை இரண்டாம் தடம், பன்னிரண்டு மாதம். பாகப்பிரிவினை, சொத்துத் தகராறு, வணிகச் சின்னம், காப்புரிமை மூன்றாம் தடம். மற்றவை நான்காம் தடம். இந்த இரண்டுக்கும் இருபத்துநான்கு மாதம். ஒரு வழக்கைத் தடம் மாற்றும் உரிமை நீதிபதிக்கு உண்டு.

தடம் போட்டால் போதுமா? ரயில் எங்கே நிற்கிறது என்று தெரிய வேண்டாமா? கணினி உள்ள இடங்களில் மாதந்தோறும் விவரம் ஏற்றி, எந்தத் தடத்தில் எந்த வழக்கு எந்தக் கட்டத்தில் இருக்கிறது என்பதைத் திரையில் பார்க்க வழி செய்ய வேண்டும் என்று மாதிரி விதி சொல்கிறது. பல கீழமை நீதிமன்றங்களில் தட்டச்சு இயந்திரம் டக்டக்கென்று ஒலித்துக்கொண்டிருந்த காலத்தில் எழுதிய வரி இது.

சமரசத்துக்கு வருவோம். திருத்தத்தோடு வந்த 89ஆவது பிரிவு, கோர்ட் ஒரு வழக்கைச் சமரசத்துக்கு அனுப்பலாம் என்றது. எப்படி அனுப்புவது என்று சொல்லவில்லை. குழு அதற்கு முழு விதித் தொகுப்பே எழுதியது. அறுபது நாளில் பேசி முடிக்க வேண்டும். கோர்ட் விரும்பினால் இன்னும் முப்பது நாள். சமரசரிடம் சொன்ன எதுவும் வெளியே போகக் கூடாது. அவரைப் பிற்பாடு சாட்சிக்கு இழுக்கவும் முடியாது. இந்தக் கடைசி விதி இல்லாவிட்டால் மொத்தக் கட்டடமும் சரிந்துவிடும். ‘சரி, அஞ்சு லட்சம் வாங்கிக்கிறேன்’ என்று பேச்சுவாக்கில் சொன்னதை நாளைக்குக் கூண்டில் நிறுத்திக் கேட்பார்கள் என்றால் யார் வாய் திறப்பார்?

சென்னை இதில் முந்திக்கொண்டது. 2005 ஏப்ரலில், தீர்ப்பு வருவதற்கு நான்கு மாதம் முன்பே, சென்னை உயர் நீதிமன்ற வளாகத்தில் சமரச மையம் திறந்தாயிற்று. நீதிமன்றத்தோடு இணைந்த சமரச மையம் இந்தியாவில் அதுவே முதல். அதை உருவாக்கியதில் முன்னால் நின்றவர் மூத்த வழக்கறிஞர் ஸ்ரீராம் பஞ்சு. சமரசமானால் கட்டிய கோர்ட் கட்டணம் திரும்பக் கிடைக்கும் என்பது கூடுதல் வெல்லம். கட்சிக்காரர்கள் கோர்ட் அனுப்பாமல் தாங்களாகவே பேசித் தீர்த்துக்கொண்டாலும் அது உண்டா? உண்டு என்றது உச்ச நீதிமன்றம் 2021இல். அதுவும் தமிழ்நாட்டுக் கோர்ட் கட்டணச் சட்டம் பற்றிய வழக்குதான். கொடுக்க மாட்டோம் என்று மேல்முறையீடு போனது, வேடிக்கை, சென்னை உயர் நீதிமன்ற நிர்வாகமே.

89ஆவது பிரிவுக்குள் ஒரு எலி ஓடிக்கொண்டிருந்தது. அந்தப் பிரிவில் நான்கு வழிகளுக்கு விளக்கம் இருக்கிறது. சமரசர் ஒருவர் உட்கார்ந்து பேசிவைக்கும் வழிக்குக் கீழே ‘நீதிமன்றமே சமரசம் செய்துவைக்கும்’ என்று இருந்தது. நீதிபதியே செய்துவைக்கும் வழிக்குக் கீழே ‘தகுந்த அமைப்புக்கு அனுப்ப வேண்டும்’ என்று இருந்தது. இரண்டு டப்பாவின் மூடியும் மாறிப்போயிருந்தன! உப்பு என்று எழுதியதில் சர்க்கரை. சமரசருக்காகக் குழு எழுதிய விதிகள் சரியான பொருளிலேயே நடந்தன. ஆனால் சட்டத்தின் வாசகம் அப்படியே நின்றது. 2010இல் கொச்சியிலிருந்து வந்த ஒரு வழக்கில் நீதிபதி ஆர்.வி.ரவீந்திரன் இதை வெளிப்படையாகச் சுட்டிக்காட்டி, மூடிகளை மாற்றிப் படியுங்கள் என்று தீர்ப்பெழுதினார். நாடாளுமன்றத்தின் இரண்டு அவைகளும் படித்துப் பார்த்து நிறைவேற்றிய வாசகம் அது.

அரசாங்கத்துக்கும் ஒரு குட்டு உண்டு. அரசின் மீது வழக்குப் போடும் முன் இரண்டு மாத நோட்டீஸ் கொடுக்க வேண்டும் என்கிறது 80ஆவது பிரிவு. தவறைத் திருத்திக்கொள்ள அரசுக்கு ஓர் அவகாசம் என்பது உள்நோக்கம். நடப்பதோ, நோட்டீஸ் கோப்பில் தூங்கும், பதிலே வராது. பதில் சொல்லப் பொறுப்பாக ஓர் அதிகாரியை மூன்று மாதத்தில் நியமியுங்கள், அதன் பிறகும் பதில் வராவிட்டால் செலவுத் தொகை விதிக்கப்படும் என்றது 2005 தீர்ப்பு. வழக்கைத் தவிர்க்க இதைவிட மலிவான வழி கிடையாது: ஒரு கடிதத்துக்குப் பதில் எழுதுவது.

குழுவின் இன்னொரு யோசனை தொலைநோக்கானது. ‘நீதித்துறைத் தாக்க மதிப்பீடு’: புதுச் சட்டம் ஒன்று வந்தால் எத்தனை புது வழக்குகள் பிறக்கும், அதற்கு எத்தனை நீதிபதிகள், எவ்வளவு பணம் வேண்டும் என்று மசோதாவோடு சேர்த்தே கணக்குக் காட்டுவது. புதுக் குடியிருப்பு கட்டும்போது தண்ணீர்க் குழாய்க்கும் சாக்கடைக்கும் கணக்குப் போடுவோமே, அதுபோல. போடாவிட்டால் என்ன ஆகும் என்பதற்குக் கையிலேயே உதாரணம் இருந்தது. காசோலை திரும்பினால் குற்றம் என்று 1988இல் சட்டத்தில் ஓர் அத்தியாயம் சேர்த்தார்கள். இருபது ஆண்டு கழித்து, 2008இல், நிலுவையில் உள்ள காசோலை வழக்குகள் 38 லட்சத்துக்கு மேல் என்று சட்ட ஆணையம் கணக்குச் சொன்னது. நாளுக்கு ஐம்பது வழக்கு தீர்க்கும் ஒரே நீதிபதி, லீவே எடுக்காமல் இதை முடிக்க இருநூறு ஆண்டுக்கு மேல் ஆகும். இந்த மதிப்பீட்டு யோசனையை ஆராய ஜெகந்நாத ராவ் தலைமையிலேயே ஒரு பணிக்குழு அமைந்து, அதுவும் 2008இல் அறிக்கை தந்தது. மசோதாக்கள் இன்றும் அந்தக் கணக்கில்லாமல்தான் வருகின்றன.

சரி, உச்ச நீதிமன்றம் ஏற்றுக்கொண்டதும் நாடு முழுவதும் நான்கு தடங்கள் போட்டாயிற்றா? அங்கேதான் சி.பி.சி.யின் இரண்டு மாடி மீண்டும் குறுக்கிடுகிறது. மேல்தளம் அந்தந்த உயர் நீதிமன்றத்தின் பொறுப்பு. எனவே குழுவின் விதிகள் ‘மாதிரி’ விதிகள்தான். ஒவ்வொரு உயர் நீதிமன்றமும் அவற்றை எடுத்துத் தன் ஊருக்கேற்ப வெட்டித் தைத்து, முன்கூட்டி வெளியிட்டுக் கருத்துக் கேட்டு, மாநில அரசின் ஒப்புதல் வாங்கி, அரசிதழில் போட வேண்டும். கர்நாடகம் 2005லேயே கீழமை நீதிமன்றங்களுக்கு வழக்கோட்ட விதிகளைப் போட்டுவிட்டது. மற்ற இடங்களில் அவரவர் வேகம். தாமதத்தைக் குறைக்கும் விதிக்கும் ஒரு வரிசை உண்டு. அதிலும் நின்றுதான் ஆக வேண்டும்.

ஆனால் வழக்கின் நிலையைக் காட்டும் அந்தத் திரை வந்துவிட்டது. இன்று ஒவ்வொரு வழக்குக்கும் எழுத்தும் எண்ணும் கலந்த பதினாறு இலக்கத்தில் ஒரு தனி அடையாளம் உண்டு. இ-கோர்ட்ஸ் செயலியில் அதைத் தட்டினால் வழக்கு என்றைக்குப் பதிவானது, ஒவ்வொரு தேதியிலும் எதற்காகக் கூப்பிடப்பட்டது, அடுத்த தேதி எது என்று வரிசையாக விரியும். நீதிபதியின் மேஜைக்காகக் குழு கேட்ட திரை வராந்தாவில் நிற்பவரின் சட்டைப் பைக்கே வந்து சேர்ந்திருக்கிறது. துண்டைக் கையில் வைத்திருக்கும் அந்த மனிதர் பேரனை விட்டுக் கட்டைவிரலால் தள்ளச் சொல்கிறார். ‘பதில் தாக்கலுக்காக’, மறுபடியும் ‘பதில் தாக்கலுக்காக’, மறுபடியும். பேரன் தேதிகளை எண்ணுகிறான். தொண்ணூறைத் தாண்டி எத்தனை நாள் ஆயிற்று என்று தாத்தா கேட்கிறார்.